பெருக்கல் குறி போடாத சதுரம்

2024-ஆம் ஆண்டு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பது மணிக்கு நான், அம்மா, தம்பி, பாட்டி நாலு பேரும் புக்கிட் செந்தோசாவில் ஒரு பொது மண்டபத்துக்குப் போய் வந்தோம். குடும்பங்களுக்கான மனநல ஆதரவு நிகழ்ச்சி. பதாகையில் மலாயில் ‘டாயா தஹான் கெலுவார்கா’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘குடும்ப மீள்திறன்’. பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்படின்னா என்னாம்மா?” என்று கேட்டார்.

“கஷ்டம் வந்தாலும் ஒடஞ்சி போகாம திரும்ப எழுந்து நிக்கிறது பாட்டி.”

“அதத்தானே பொறந்ததுலேர்ந்து செஞ்சிக்கிட்டு இருக்கோம். அதுக்கு கிளாஸ் வேறயா?”

நாங்கள் போனது தம்பிக்காக. தொழிற்கல்லூரி முடித்து ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தவனை 2021-இல் நிறுத்தினார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். முதலில் எல்லாரையும்போல வீட்டில் இருந்தான். கட்டுப்பாடு நீங்கி எல்லாரும் வெளியே போன பிறகும் அவன் அறையை விட்டு வரவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் கதவுக்கு வெளியே அம்மா வைத்துவிட்டுப் போவார். இரண்டு வருடம் இப்படிப் போனது. அம்மாவின் இரத்த அழுத்தத்துக்காகக் கிளினிக் போனபோது ஒரு தாதிதான் அம்மாவைப் பேசவைத்து விஷயத்தைக் கறந்து, இந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னார். “தம்பிய மட்டும் அனுப்பாதீங்க, வீட்ல உள்ள எல்லாரும் போங்க” என்றார்.

இரண்டாவது வாரம் குடும்ப வரைபடம் போடச் சொன்னார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் மேலே பெருக்கல் குறி. மூன்று தலைமுறை போதும் என்றார் நடத்துநர். எல்லாரும் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டோம். பாட்டி இருப்பதால் எங்கள் தாளில் நான்காவது தலைமுறையும் வந்தது. நான் வரைய, பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பாவின் சதுரத்தில் பெருக்கல் குறி போட்டேன். தாத்தா, பெருக்கல் குறி. பாட்டியின் அம்மா, பெருக்கல் குறி. பாட்டியின் அப்பாவுக்கு வந்தபோது பாட்டி என் கையைப் பிடித்தார்.

“அவருக்குப் போடாத.”

“இறந்துட்டாருதானே பாட்டி?”

“சயாமுக்குப் போனாரு.”

பாட்டி பிறந்தது 1937-இல். அப்படியே உயிரோடு இருந்தாலும் அவர் அப்பாவுக்கு 110 வயதைத் தாண்டியிருக்கும். அது பாட்டிக்கும் தெரியும். ஆனாலும் குறி போட விடவில்லை. அந்தச் சதுரத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

சயாம் மரண ரயில் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலையாவது படித்திருப்பீர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்தார்கள். ஜப்பானியர் பயன்படுத்திய போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். முதல் எண்ணுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கப்படும் கல்லறைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இரண்டாவது எண் மதிப்பீடாகவே இருக்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம், அரிசி கிடைக்கும். போர் தொடங்கியதும் ரப்பர் ஏற்றுமதி நின்று, பால்மரம் வெட்டும் வேலையும் நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த லயத்தில் அந்த அரிசி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பிறகு ஆசை காட்டவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகையின் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. பாட்டியின் அப்பா முதல் வகை. 1943-இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து (ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்), மூன்று மாதம் என்று சொல்லி, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டிக்கு ஆறு வயது. அவர் போன நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது பாட்டிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் முகம் ஞாபகம் இல்லை.

போர் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். காலில் ஆறாத புண்ணோடு, மலேரியா நடுக்கத்தோடு. வந்தவர்களிடம் லயத்துப் பெண்கள் போய் விசாரித்தார்கள். ஒருவர், ‘காலரா முகாமில் பார்த்தேன்’ என்றாராம். இன்னொருவர், ‘இல்லை, பர்மா பக்கம் போய்விட்டார், அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்’ என்றாராம். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் அழுதாராம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பாட்டியின் அம்மா இன்னும் இருபத்தாறு வருடம் வாழ்ந்தார். 1971-இல் இறக்கும்வரை தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் வைத்தார். ஆனால் கல்யாண வீடுகளில் முன்னால் நிற்கமாட்டார். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டால், “எனக்கு வேல கெடக்கு” என்று நழுவிவிடுவார். கூப்பிட்டவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கருமாதி இல்லை, திதி இல்லை, ஒப்பாரி இல்லை. உடல் இல்லாதபோது எதை நடுவில் வைத்து அழுவது?

இந்த நிலைக்கு ஆங்கில உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது என்பதை அந்த மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரைப் பார்த்துப் பேசி, இதை முடிவு தெரியாத இழப்பு என்ற பொருளில் ஒரு கருத்தாக வளர்த்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை. இந்தவகை இழப்பில் குடும்பம் உறைந்துபோகிறது. முடிவெடுக்க முடியாமல் நிற்கிறது. துக்கம் தொடங்கவே இல்லை என்பதால் முடியவும் முடியாது என்கிறார். படித்ததும் எனக்கு அந்தத் தாலி ஞாபகம் வந்தது.

அதற்கும் முன்னால் ரூபன் ஹில் என்பவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் போன ஆண்களின் குடும்பங்கள் பிரிவையும் பிறகு அவர்கள் திரும்பிவந்ததையும் எப்படித் தாங்கின என்று அயோவா மாநிலத்தில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்து, 1949-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே அடி ஒரு குடும்பத்தை உடைக்கிறது, இன்னொன்றை உடைப்பதில்லை. வித்தியாசம் அடியில் மட்டும் இல்லை, அந்தக் குடும்பத்துக்குக் கைவசம் உள்ள துணைகளிலும், நடந்ததை அது எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதிலும் இருக்கிறது என்பது அவர் கண்டது. இன்று மண்டபங்களில் நடக்கும் குடும்ப ஆதரவு நிகழ்ச்சிகளின் கொள்ளுத்தாத்தா அந்தப் புத்தகம்தான். 1949-இல் எங்கள் பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. வெளிக்காட்டு வேலைக்குப் புல்வெட்டப் போக ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டி, ‘நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்’ என்று கேட்கவில்லை.

மலாயாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது தவறு. சுவாமி சத்யானந்தா போருக்குப் பிறகு தொடங்கி, பூச்சோங் சாலையில் வேரூன்றிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தது. அங்கே வாழ்நாளெல்லாம் உழைத்த மங்களம் அம்மையார் 2023-இல்தான் காலமானார். ஆனால் அது பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு. அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைகள், கணவன் செத்ததாகத் தெரியாத பெண்கள், இவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அப்படியானால் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? பாட்டி ஏன் உடையவில்லை?

நான் இயந்திரவியல் படித்தவள். எங்கள் பாடத்தில் மீள்திறன் என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஓர் இரும்புக் கம்பியை இழுவிசைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுக்கிறோம். மீட்சி எல்லைக்குள் இழுத்தால், விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதுவரை அது வாங்கித் திருப்பித் தரும் ஆற்றல்தான் மீள்திறன். எல்லையைத் தாண்டினால் கம்பி உடனே அறுந்துவிடாது. நீண்டுகொண்டே போகும், நிறைய தாங்கும், ஆனால் பழைய நீளத்துக்கு வராது. அதற்குப் பெயர் வேறு. தோட்டத்துக் குடும்பங்களைப் பார்த்து ‘எவ்வளவு மீள்திறன்’ என்று வியப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்ளுப்பாட்டி மீளவில்லை. நீண்டார்.

ஆனால் பாட்டியின் கதை வேறு. அதற்குப் பதில் நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: இன்னொரு தோட்டத்தில்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டத் தீவு. ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த இடம். 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். மீள்திறன் பற்றிய ஆய்வுகளில் இன்றும் முதலில் மேற்கோள் காட்டப்படுவது இதுதான். வறுமை, குடி, பெற்றோரின் மனநோய், சண்டை என்று பல ஆபத்துகள் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவர், எந்தத் தலையீடும் இல்லாமல் நல்ல மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அந்த மூன்றில் ஒருவரிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. அவர் அப்பா அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. பாட்டியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். மீள்திறன் என்ற சொல்லை உலகத்துக்கு விளக்கிய ஆய்வு ஒரு தோட்டத்தில் பிறந்தது என்பது எங்கள் மண்டபத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டீச்சருக்கு வெர்னரின் பெயர் தெரியும். அது தோட்டம் என்பது தெரியாது.

பாட்டியைக் கேட்டேன், சின்ன வயதில் உங்களை யார் பார்த்துக்கொண்டது என்று. யோசிக்கவே இல்லை, பட்டியல் வந்தது. ஆயாக் கொட்டகை ஆயா. ஐந்தாம் நம்பர் வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. தமிழ்ப்பள்ளி வாத்தியாரின் மனைவி, தலையில் பேன் பார்த்துவிடுவார். கோயில் பூசாரி, பொங்கலில் ஒரு உருண்டை எடுத்து ஒளித்து வைத்துத் தருவார். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் அழுதால் பத்து வீட்டுக்கும் கேட்கும். அந்தரங்கம் என்று எதுவும் கிடையாது. ஆனால் தாயால் முடியாத நாளில் பிள்ளை பட்டினி கிடந்ததில்லை. தாங்கியது குடும்பம் இல்லை, லயம்.

இதை எழுதும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் ஆக்கும் கட்டுரைகள் எனக்கு ஆகாது. அந்தக் கூரைக்கும் நடுச்சுவருக்கும் இடையிலான இடைவெளி வழியாகத்தான் பெண்டாட்டியை அடிக்கும் சத்தமும் போனது. பத்து வீடும் கேட்டும் பல இரவு யாரும் எழுந்து வரவில்லை என்பதையும் பாட்டிதான் சொன்னார். கங்காணியும் கிராணியும் பெண்களிடம் நடந்துகொண்ட விதம், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்ற சாதிக்கணக்கு, சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள், இவையும் லயம்தான்.

இது அந்தக்கால மக்களுக்கே தெரிந்திருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிப் பரவிய வேலைநிறுத்தத்தை நாம் சம்பளப் போராட்டம் என்றே படித்திருக்கிறோம். ஆர்.எச். நாதன் தலைமையிலான கிள்ளான் இந்தியர் சங்கத்தோடு சேர்ந்து தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை மறுபடி படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள், சரி. கூடவே கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதி கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். இன்று ஒரு குடும்ப நல நிறுவனம் வல்லுநர்களை வைத்து ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினாலும் இதைவிட நல்ல பட்டியல் வருமா என்று தெரியவில்லை. குடி, வன்முறை, பிள்ளைகளின் படிப்பு, உறவுகளின் வருகை, ஒரு அப்பா பிள்ளையின் கண்முன்னால் அவமானப்படாமல் இருப்பது. மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, படையை இறக்கி, துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேரைக் கொன்று அதை முடித்தார்கள். நாதனை நாடுகடத்தினார்கள். ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் ஒரே திசையில் போகிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதை எதிர்கொள்ள 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் தொழிலாளர்கள். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டத்தால் குடியுரிமை இல்லாத சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டியின் ஐந்தாம் நம்பர் அத்தையும் அதில் ஒருவர். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கேட்டுப் பல்லாண்டு போராடிய கதை நம் காலத்திலேயே நடந்தது.

எங்கள் குடும்பம் 1999-இல் புக்கிட் செந்தோசாவுக்கு வந்தது. எனக்கு இரண்டு வயது. புக்கிட் பெருந்தோங்கும் புக்கிட் செந்தோசாவும் தொண்ணூறுகளில் ரப்பர்க் காட்டை அழித்துக் கட்டப்பட்டவை. 1997 பொருளாதார நெருக்கடியில் பாதி வீடுகளும் கடைகளும் ஆளில்லாமல் கிடந்தன. மலிவாகக் கிடைத்ததால்தான் எங்களால் வாங்க முடிந்தது. சொந்த வீடு, மூன்று அறை, கூரைவரை எட்டும் சுவர். அம்மாவுக்கு அந்தச் சுவர்தான் பெரிய சந்தோஷம். இப்போதும் அதைக் குறை சொன்னால் கோபம் வரும்.

அப்பாவுக்கு அந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தோட்டத்தில் அவர் நல்ல வெட்டு. கோயில் திருவிழாவில் உறுமி வாசிப்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போடுவார். தாமானில் அவர் பாதுகாவலர். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை. பகலில் தூக்கம், தூக்கம் வராவிட்டால் சம்சு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு வருடம் தெரியாது. அவர் பேச்சைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். “மனசு சரியில்ல” என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அம்மா பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது: தஞ்சோங் ரம்புத்தான். மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயர் எங்களுக்கு வசைச்சொல். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப்பிரிவே 2023-இல்தான் இந்த நாட்டில் நீக்கப்பட்டது. கோலாலம்பூரில் பிரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் தொலைபேசியில் காத்திருந்தது. அந்த எண் எங்கள் வீட்டுக்கு வந்துசேரவில்லை. அப்பா 2014-இல் ஈரல் கெட்டு இறந்தார்.

ஆறு வாரத்தில் ஐந்தாவது வாரம்தான் எனக்குக் கோபம் வந்தது. மூச்சுப்பயிற்சி, மன அழுத்தத்தை எழுதிக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடுவது, ‘நம் குடும்பத்தின் பலம்’ என்று ஐந்து சொல் எழுதுவது. எல்லாம் கெட்டது இல்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் மேசையில் தனித்தனியாக உட்கார்ந்து தன் பலத்தைத் தானே தேடிக்கொண்டிருந்தது. “டீச்சர், பலம் எங்ககிட்ட இல்லன்னா நாங்க என்ன செய்றது?” என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைகளைச் சேர்த்துப் போடச் சொன்னார்.

தமிழில் இதைச் சரியாக யோசித்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுக்க அங்கே வேலை செய்தவர். 1998-இல் வந்த அவருடைய ஆங்கில நூல் போரின் உளவடுக்கள் பற்றியது. பிற்பாடு அவர் எழுதியவற்றில், தனிமனிதரை மட்டும் நோயாளியாகப் பார்க்கும் மேற்கத்திய முறை நமக்குப் போதாது, இங்கே அடி விழுவது குடும்பத்தின்மேலும் ஊரின்மேலும், எனவே ஆறுவதும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று வாதிட்டார். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள்தான் என்ற நிலையில், யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் வழியாக ஆசிரியர்களுக்கும் கிராமத்து ஊழியர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். அவரும் சிவயோகனும் சேர்ந்து தமிழ்ச் சமூகத்தின் உளநலத்துக்கு ஒரு கையேடும் தயாரித்தார்கள். ஒப்பாரியையும் துக்கம் விசாரிக்கப் போவதையும் சடங்குகளையும் மூடநம்பிக்கை என்று தள்ளாமல், ஆற்றுப்படுத்தும் வழிகளாகக் கணக்கில் எடுத்தார்கள். அங்கேயும் காணாமல் போனவர்களின் மனைவிகள் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு 1945-இல் தேவைப்பட்டது இது. எங்கள் மண்டபத்துக்கு இதில் ஒரு பக்கமாவது வந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மேசைகளைச் சேர்த்த பிறகு என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. பதினொரு குடும்பங்கள். மீ ஹூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பேசினோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு மலாய்க் குடும்பத்தில் தம்பியைப் போலவே ஒரு பையன், ஒரே வருடம் வேலை இழந்தவன். 2021-இல் வெள்ளைக்கொடி கட்டச் சொன்ன நாட்களில் அந்த வீட்டு வாசலில் கொடி தொங்கியதும், அம்மா இரண்டு கிலோ அரிசி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததும் அப்போதுதான் எனக்கே தெரியும். அந்தப் பையன் தம்பியைக் கார் கழுவும் கடைக்குக் கூட்டிப்போனான். மாதம் பன்னிரண்டு நாள் வேலை. கவாய் ஆய்வின் பின்பகுதியில், பதின்வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள் என்று வருகிறது. அதை அம்மாவிடம் சொன்னேன். “நாப்பதா?” என்றார். தம்பிக்கு இப்போது இருபத்து நாலு. நல்ல நாளும் உண்டு, கதவு சாத்திய நாளும் உண்டு.

ஆறாவது வாரம் வரைபடங்களைச் சுவரில் ஒட்டினோம். எங்கள் தாளில் அந்த ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக இருந்ததைப் பார்த்து எங்களிடம் கேட்ட ஒரு பெரியவர், தன் தாயின் அண்ணனும் சயாமுக்குப் போனவர்தான் என்றார். இன்னொரு அம்மா, தன் தாத்தா என்றார். ஒரே மண்டபத்தில் மூன்று வீடு. ஐந்து வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எங்களுக்குத் தெரியாது. பாட்டி அந்தப் பெரியவரிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் கங்காணி என்று ஒரு மணி நேரம் விசாரித்தார். பாட்டி அவ்வளவு நேரம் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்த அமாவாசைக்கு ஜெராம் பக்கம் கடற்கரைக்குப் போகலாம் என்றது பாட்டிதான். திதி கொடுக்கிறவர் இறந்த நாள் கேட்டார். தெரியாது என்றோம். ஊர்? தெரியாது. “சயாம்” என்றார் பாட்டி. அவருக்கு அது புதிதாக இல்லை போலிருக்கிறது. நாள் தெரியாதவங்களுக்குத்தான் அமாவாசை இருக்கு என்று சொல்லிவிட்டு இலையை விரித்தார். நான் உட்காரத் தயாராக இருந்தேன். ஆண்பிள்ளை வேண்டும் என்றார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, ஆனால் அன்றைக்கு வாதம் செய்ய வரவில்லை. தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பேர் சொல்லச் சொன்னபோது அவன் பாட்டியைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் யாருக்கும் அவர் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாட்டி குனிந்து அவன் காதில் சொன்னார். கடல் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. தம்பி உரக்கத் திருப்பிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பாட்டி அந்த வரைபடத்தைக் கேட்டார். சுருட்டி அலமாரி மேல் வைத்திருந்தேன். எடுத்து மேசையில் விரித்தேன். பேனாவைக் கொடுத்தேன். பெருக்கல் குறி போடப்போகிறார் என்று நினைத்தேன். சதுரத்துக்குள் பெயரை மட்டும் எழுதினார், எழுத்துக்கூட்டி, கோணலாக. பிறகு, “நீ வேணும்னா போட்டுக்க. நான் போகட்டும்” என்றார்.